முதுமலையில் எனக்கு ஒரு தனி ரூம்

முதுமலைக்குப் போவது என்று எங்கள் வீட்டில் முடிவானபோது முதலில் விட்டுப்போன ஆள் நான். விட்டவளும் நானேதான்.

அடையாறில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகன், மருமகள், நான், மூன்றே பேர். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு அமைந்தது. காட்டுக்குப் போகலாம், யானை பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். மருமகள் என்னிடம் வந்து, "அத்தை, நீங்களும் வர்றீங்கல்ல?" என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள். நான், "எனக்கெதுக்கும்மா இதெல்லாம், நீங்க சந்தோஷமா போயிட்டு வாங்க" என்றேன்.

அவள் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாராவது எதையாவது வேண்டுமா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. காபி குடிக்கிறீர்களா என்றால், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால், அரை டம்ளர் போதும் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக அவர்களே முழு டம்ளரைக் கொண்டுவந்து கையில் திணித்துவிடுவார்கள். பந்தியிலும் அப்படித்தான். வடை வந்தால் இலை மேலே கையை வைத்து மறைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் விரலுக்கு நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். பரிமாறுகிறவருக்கு அந்த இடம் தெரியும். மூன்று தடவை கேட்டால்தான் எங்களுக்கு அது கேட்டதாகக் கணக்கு.

என் மருமகள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எதையும் ஒரு தடவைதான் கேட்பாள், சொன்ன பதிலை அப்படியே நம்பிவிடுவாள். அவள் மேல் குற்றம் சொல்லமாட்டேன். மாமியார் சொன்னதை நம்புகிற மருமகள் யாருக்குக் கிடைக்கிறாள்? நான்தான் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டாவது தடவை கேட்பாள் என்று எதிர்பார்த்து ரசத்தை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மறுநாள் தோசைக்கும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள், கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றாள். அவர்கள் இரண்டு பேருக்கும், அவளுடைய அம்மாவுக்கும்.

"நல்லது" என்றேன். வேறென்ன சொல்ல?

அவளுடைய அம்மா, என் சம்பந்தி, மயிலாப்பூரில் தனியாக இருக்கிறார். பூர்வீகம் எங்கள் பக்கம்தான். ஆனால் நந்தனத்தில் ஒரு ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் பேச்சில் என்னைப் போலக் குழைவு கிடையாது. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் மதினி என்று கூப்பிட்டுக்கொள்வோம். நான் வரவில்லை என்று கேட்டதும் மகளுக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார். "வேணாம்னு சொன்னா வேணாம்னா அர்த்தம்? மதினி வரலைன்னா நானும் வரலை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் போட்டுடு. உங்களுக்கும் தொந்தரவு இல்லை." ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. மகன் அன்றைக்கே எனக்கும் டிக்கெட் எடுத்தான்.

அப்படித்தான் நான் முதுமலைப் பயணத்தில் சேர்ந்தேன். சம்பந்தியின் தயவில், சம்பந்தியின் ரூமில்.

என் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பித்தது.

யானை பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் போவது உறுதி என்று ஆன பிறகு மனசு வேறு பக்கம் போய்விட்டது. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு ஒரு ரூம் வேண்டும். நான் மட்டும் படுக்கிற ரூம். உள்ளேயிருந்து நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ரூம்.

கல்யாணமாகி வந்தது தி.நகரில் ஒரு பாத்திரக்கடை மாடிக்கு. கடை என் வீட்டுக்காரரின் பெரியப்பாவுடையது, இவர் அதில் வேலை பார்த்தார். மாடியில் மூன்று குடும்பம். ஆண்கள் மொட்டை மாடியில் படுப்பார்கள், பெண்கள் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும். அப்புறம் ஆதம்பாக்கத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும். அதில் நாங்களும் பிள்ளையும், ஊரிலிருந்து வேலை தேடி வரும் சொந்தக்காரர்களும். அதற்கப்புறம் இந்த அடையாறு ஃபிளாட். குடி வந்த அன்றைக்கு மகன், "அந்தச் சின்ன ரூமை நீ எடுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டான். ஒரு தடவை. நான், ஹால்தான் காற்றோட்டமாக இருக்கிறது என்றேன். மறுநாளே ஹாலில் எனக்குக் கட்டில் வந்து இறங்கிவிட்டது. நல்ல தேக்குக் கட்டில். சின்ன ரூமில் அவன் கம்ப்யூட்டர் மேஜையைப் போட்டுக்கொண்டான்.

ஹாலில் கிடக்கிற கட்டில் ஒருத்தருக்குச் சொந்தமாக இருக்க முடியாது. இஸ்திரித் துணி வந்தால் அதன் மேல்தான். கொரியர் பார்சல் வந்தால் அதன் மேல்தான். எதிர் ஃபிளாட்டுக்காரம்மா வந்தால் சோபாவை விட்டுவிட்டு என் கட்டிலில்தான் உட்காருவார், அங்கிருந்துதான் டிவி நேராகத் தெரியும். நான் காலை மடக்கிக்கொண்டு ஓரமாக நகர்வேன். கதவைச் சாத்திக்கொண்டு நான் தனியாக இருப்பது குளிக்கும்போது மட்டும்தான். அங்கேயும் யாராவது தட்டி, கீஸரை அணைக்கச் சொல்வார்கள்.

எங்கே தங்குவது என்ற ஆலோசனையும் என் கட்டிலில்தான் நடந்தது. மருமகள் போனில் இருக்கிற படங்களை டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதினியும் வந்துவிடுவார். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். படங்களுக்குக் கீழே இங்கிலீஷில் என்னென்னவோ எழுதியிருக்கும், எனக்குத் தெரியாது. அதனால் படத்தை மட்டும் பார்ப்பேன். மற்றவர்கள் நீச்சல்குளத்தையும் புல்தரையையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் கதவையும் கட்டிலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஊட்டியில் தங்கி, பகலில் காரில் கீழே இறங்கிக் காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு யோசனை வந்தது. மதினி ஒத்துக்கொள்ளவில்லை. யானையைப் பார்க்கப் போய்விட்டு ரோஜாப்பூவைப் பார்த்துக்கொண்டு நிற்பதா என்றார். அடுத்து, காட்டுக்குள்ளேயே இருக்கிற அரசாங்க விடுதி. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம் என்று மகன் அதற்கு ஆசைப்பட்டான். ஆனால் நாங்கள் போகிற தேதிக்கு அங்கே மிச்சம் இருந்தது நாலு கட்டில் போட்ட ஒரே ரூம். எல்லாரும் ஒன்றாகப் படுத்துப் பேசிக்கொண்டிருக்கலாம், ஜாலியாக இருக்கும் என்றாள் மருமகள். எனக்குத் தி.நகர் மாடிக் கூடம் ஞாபகம் வந்தது. "ஆமாம்மா, நல்லா இருக்கும்" என்றேன். மறுநாள் பார்த்தால் அதையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். நான்தான் எல்லாரையும் விட உரக்க "அடடா" சொன்னேன்.

பிறகு மர வீடு. மரத்தின் மேலே பலகை வீடு, ஏணியில் ஏற வேண்டும். மதினிக்கு அதில் ஒரே மோகம். "யானை நமக்குக் கீழே நடந்து போகுமாம் மதினி" என்று என் தொடையில் தட்டிச் சொன்னார். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்று அவர்களே போட்டிருப்பதை மகன் படித்துச் சொன்னான். தனக்கு முட்டி வலி கிடையாதே என்று சொல்லிவிட்டு மதினி என் முட்டியைப் பார்த்தார். எல்லாரும் என் முட்டியைப் பார்த்தார்கள். நான் சேலையை இழுத்து அதை மூடிக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தப் படம் வந்தது. மசினகுடியைத் தாண்டி ஒரு வீடு. வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் இருந்துகொண்டு மீதி ரூம்களை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள், அந்த அம்மாவே சமைத்தும் போடுகிறார். மூன்று ரூம். இரண்டு பெரியது, ஒன்று சின்னது. சின்ன ரூமில் ஒற்றைக் கட்டில், பச்சைத் திரை போட்ட ஒரு ஜன்னல், கதவில் பழைய காலத்து இரும்புத் தாழ்ப்பாள். கட்டைவிரல் கனம் இருக்கும். ஒரு தடவை தள்ளினால் அது பாட்டுக்கு நிற்கும் என்று பார்த்தாலே தெரிந்தது.

"நமக்கு ரெண்டு ரூம் போதும்" என்று சொல்லிக்கொண்டே மருமகள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த ஜன்னல் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். எதற்கு அத்தை என்றாள். எனக்குப் பகீர் என்று ஆகிவிட்டது. திரைத்துணி அழகாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பினாள். அந்த வாரத்திலேயே ஒரு பார்சல் வந்து என் கட்டிலில் விழுந்தது. அதே பச்சையில் திரைத்துணி. எங்கள் ஹால் ஜன்னலில் இன்றைக்கும் தொங்குகிறது. "அத்தை வாயைத் திறந்து கேட்டதே இதுதான் முதல் தடவை" என்று அவள் எதிர் ஃபிளாட்டுக்காரம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

இதற்கு நடுவே இடம் தேடும் வேட்டை, நீச்சல்குளம் உள்ள ஒரு ரிசார்ட்டில் வந்து நின்றது. தனித்தனி காட்டேஜ், ஒவ்வொன்றிலும் இரட்டைக் கட்டில். இரண்டு எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். உனக்கு எந்த இடம் பிடித்திருக்கிறது என்று மகன் என்னையும் கேட்டான். "எனக்கு எதுவா இருந்தாலும் சரிப்பா" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாய்க்கு அந்த வாக்கியம் மட்டும் நான் கூப்பிடாமலேயே வரும்.

மதினியிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். குளிருக்கு ஸ்வெட்டர் வாங்க இரண்டு பேரும் தி.நகர் போனோம். பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒருவர் ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருந்தார். சென்னை வெயிலில் அதைத் தொட்டாலே வியர்த்தது. நான் எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து அவர், "இன்னாமா யோசிச்சிக்கினு கீற? ஊட்டிப் பக்கம் இது இல்லாம போனா பல்லு தந்தி அடிக்கும்" என்றார். மதினி ஒரு நீலத்தை எடுத்துக்கொண்டு எனக்கும் ஒரு நீலத்தை எடுத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

பிறகு ஓர் ஓட்டலில் உட்கார்ந்து காபி சொன்னோம். நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே, "மதினி, அந்த ரூம் விஷயம்" என்று ஆரம்பித்தேன். அவர் பிடித்துக்கொண்டார். அவருக்கும் அதே நினைப்புதானாம். போனில் ராமாயணப் பிரசங்கம் நிறைய ஏற்றி வைத்திருக்கிறாராம், படுத்துக்கொண்டே இரண்டு பேரும் கேட்கலாமாம். அவர் காபியை ஆற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். வீட்டுக்காரர் போன பிறகு அவருக்குத் தனியாகப் படுக்கப் பிடிப்பதில்லையாம். மயிலாப்பூர் வீட்டில் மூன்று ரூம். எதில் படுத்தாலும் மற்ற இரண்டும் காலியாக இருக்கிறது என்ற நினைப்பாகவே இருக்குமாம். டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் சோபாவிலேயே தூங்கிவிடுவாராம். "இந்த ரெண்டு மூணு ராத்திரியாவது பக்கத்துல ஒரு மூச்சுச் சத்தம் கேக்குமே மதினி" என்றார்.

நான் காபியைக் குடித்தேன். சூடு நாக்கைப் பொசுக்கியது. அதுவும் வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நானே புத்தி சொன்னேன். உனக்கு டிக்கெட் கிடைத்ததே இவரால்தான். பக்கத்தில் ஒரு ஆள் படுத்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? இத்தனை வருஷம் வரிசையில் படுத்தவளுக்கு இப்போது என்ன வந்தது? பஸ் நந்தனம் சிக்னலில் நின்றபோது ஆசையை விட்டுவிட்டேன். அடையாறு வந்து இறங்கியபோது அது எனக்கு முன்னால் இறங்கி நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்திருந்தேன். தேங்காய்ப் பால் ஊற்றிய எங்கள் ஊர்க் குழம்பு, மதினிக்குப் பிடிக்கும். சாப்பாடு முடிந்து மதினி என் பக்கத்தில் சாய்ந்திருந்தார். மருமகள் கால்மாட்டில் உட்கார்ந்து போனில் விரலை வைத்துக்கொண்டு, நீச்சல்குளம் உள்ள இடத்தில் இரண்டு காட்டேஜ், புக் பண்ணிவிடலாமா என்று எல்லாரையும் கேட்டாள். மகன் சரி என்றான். மதினி சரி என்றார். "அத்தை, ஓகேவா?"

"இல்ல" என்றேன்.

நான் சொன்னதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கால் வலிக்கிறதா என்றான் மகன். வரப் பிடிக்கவில்லையா, நான் அப்போதே கேட்டேனே அத்தை என்றாள் மருமகள். மலைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பயப்படுகிறார் என்று மதினி எனக்காகப் பதில் சொன்னார். பிறகு மூன்று பேரும் என்னை விட்டுவிட்டு என்னைப் பற்றித் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மகன் போய் பி.பி. பார்க்கிற மிஷினை எடுத்துவந்து என் கையில் பட்டையைச் சுற்றினான். அது உர்ரென்று ஊதிக் கையை இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்குத் தனி ரூம் வேணும். அந்தப் பச்சை ஜன்னல் வீட்ல இருக்கே, சின்ன ரூம், அது. ஒரு தடவையாவது உள்ள தாப்பா போட்டுட்டு நான் மட்டும் படுத்துப் பாக்கணும்."

மிஷின் கீச்சென்று சத்தம் கொடுத்துவிட்டு நின்றது. மகன் அதைப் பார்த்து, "நார்மலாத்தான் இருக்கு" என்றான்.

மதினி எழுந்து நேராக உட்கார்ந்தார். "நான் குறட்டை விடுறேன்னா?"

இல்லை மதினி, நான்தான் குறட்டை விடுவேன், உங்களுக்குத் தூக்கம் கெட்டுவிடும் என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் பொய் சொல்லக் கூடாது. அதுவும் மதினியிடம்.

"நீங்க குறட்டை விடுவீங்களா? இவங்க கல்யாணத்தப்போ மண்டபத்துல உங்க பக்கத்துலதான படுத்திருந்தேன். சத்தமே இல்லைன்னு பயந்து, ரெண்டு தடவை மூக்குல கை வச்சுப் பாத்தேன்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினிக்கு வரவில்லை. கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டார். "எங்க வீட்ல ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்கு. வந்து எதுல வேணும்னாலும் தாப்பா போட்டுட்டுப் படுங்க மதினி. அதுக்கு எதுக்கு முதுமலை வரைக்கும்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவருக்கென்று ஒரு டப்பாவில் சொதி எடுத்து வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். முட்டி வலியோடு ஓடினேன் என்பதை யாரும் கவனிக்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. டப்பாவை நீட்டினேன். மற்ற நாளாக இருந்தால் எதற்கு மதினி, பிள்ளைக்கு வையுங்கள் என்று சொல்லி, நான் சீட்டில் வைக்க, அவர் என் கையில் திருப்பித் திணிக்க, ஆட்டோக்காரர் சலித்துக்கொள்கிற வரைக்கும் நடக்கும். அன்றைக்கு ஒரு வேண்டாம்கூடச் சொல்லாமல் டக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். சொன்னது தப்பு என்று தோன்றியது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் வழி தெரியவில்லை. மகன் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டான். அவனுக்கு மனசு சரியில்லாவிட்டால் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. எனக்கு மனசு சரியில்லாவிட்டால் எதிரே டிவி இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் மருமகள் ஆபீசிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த மூன்று ரூம் வீட்டையே எடுத்துவிடலாம் என்று நேராகச் சொன்னாள். ஒரு பெரிய ரூமில் அம்மாவும் அவளும், இன்னொன்றில் அவள் புருஷன், சின்னதில் அத்தை. "கல்யாணம் ஆனதுலேருந்து உன் பக்கத்துல படுத்ததே இல்லையேம்மா" என்றாள்.

ஸ்பீக்கரில் மதினியின் குரல் வந்தது. "வேணாம், வேணாம். மாப்பிள்ளை என்ன நினைப்பார்? நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க."

மருமகள் வாயைத் திறந்தாள். 'சரிம்மா' வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். வாயசைத்து, இன்னொரு தடவை கேள் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். இரண்டு விரலைக் காட்டி, பிறகு மூன்று விரலைக் காட்டினேன். டிராஃபிக் போலீஸ்காரர்கூட அப்படிக் கையைக் காட்டியிருக்கமாட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு இரண்டாவது தடவை கேட்டாள். பசங்க லீவில் போகிற இடத்தில் கிழவி எதற்கு நடுவில் என்றார் மதினி. மூன்றாவது தடவை கேட்டாள். பிறகு, "உன் இஷ்டம். ஜன்னல் பக்கம் நான்தான் படுப்பேன், சொல்லிட்டேன்" என்று வந்தது.

மருமகள் போனை வைத்துவிட்டு, "எல்லாத்துக்கும் இப்படித்தானா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் திரும்பி என் கட்டிலையும் சின்ன ரூம் கதவையும் பார்த்தாள்.

மகன் தனியாக ஒரு ரூமில் படுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒப்புக்கு முனகினான். ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளைதானே.

ரயிலிலும் காரிலும் மதினி என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். தண்ணீர் வேண்டுமா, ஜன்னலை மூடவா, அவ்வளவுதான். மலைப் பாதையில் வளைவு வளைவாகப் போனபோது எனக்குக் குமட்டியது, கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒன்றும் சொல்லாமல் என் மடியில் போட்டார்.

அந்த வீடு படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. வீட்டுக்காரம்மா சின்ன ரூமைத் திறந்து காட்டி, இது யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மருமகள்தான் என் பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். கனமாகப் போய் விழுந்தது. அப்புறம்தான் செருப்பு வெளியே இருப்பது ஞாபகம் வந்தது. திறந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் போட்டேன். கண்ணாடி மருமகளின் பையில் இருந்தது. திறந்தேன், வாங்கிவந்தேன், போட்டேன். மகன் வராந்தாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "டெஸ்ட் பண்றியாம்மா?" என்றான்.

தனியாக உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். யாருக்காக ஓரம் என்று தோன்றியது. நடுவில் நகர்ந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மறுபடியும் ஓரத்துக்கு வந்திருந்தேன். தலையை அவிழ்த்துச் சீவினேன். காலை நீட்டினேன். யாரும் வரவில்லை. யாருக்காகவும் காலை மடக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்காகத்தான் இத்தனை ரகளை.

சாயங்காலம் வேனில் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நின்றது, மயில் நின்றது. கிண்டியில் பஸ்ஸில் போகும்போதே சுவருக்கு மேலே மான் தலை தெரியும், இதற்கா இவ்வளவு தூரம் என்றார் மதினி. தெப்பக்காட்டில் முகாம் யானைகளுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்தோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் வளர்த்த யானையெல்லாம் கணக்கில் வராது, காட்டு யானைதான் பார்க்க வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவரவர் ரூமுக்குப் போனோம். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது பச்சைத் திரையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. வராந்தாவில் பேச்சுக்குரல் கேட்டது. கதவைத் திறந்தேன். மூன்று பேரும் நீல ஸ்வெட்டரும் கம்பளியுமாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்கள். துக்க வீட்டுக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

விடிகிற நேரத்தில் யானை வந்திருக்கிறது. காட்டு யானை. வேலிக்கு அந்தப் பக்கம், இங்கேயிருந்து கல்லெறிகிற தூரத்தில் வெகு நேரம் நின்று மூங்கிலை ஒடித்துத் தின்றிருக்கிறது. கூடவே ஒரு குட்டி. வீட்டுக்காரம்மாதான் வந்து எழுப்பியிருக்கிறார். என் கதவை மருமகள் தட்டியிருக்கிறாள், மகன் தட்டியிருக்கிறான், ஜன்னல் பக்கமாக வந்து மதினி பேர் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார். உரக்கவும் கூப்பிட முடியாது, யானை போய்விடும். வெளியேயிருந்து திறக்கவும் முடியாது, தாழ்ப்பாள் அப்படி.

மகன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான். இருட்டாக ஏதோ ஒன்று அசைந்தது. அதற்கு முன்னால் மதினியின் தோள் நன்றாகத் தெரிந்தது.

"குட்டியோட வந்துச்சு அத்தை" என்று மருமகள் சொல்லும்போது அவள் குரலே இறங்கிவிட்டது. எனக்காக அவ்வளவு வருத்தப்பட்டாள். நானும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். நடிப்பு எனக்கு வராது, ஆனாலும் வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் தட்டியும் நான் எழுந்திருக்கவில்லை. ஹாலில் நான் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தாலே எழுந்து உட்காருகிறவள்.

மதினி டம்ளரில் காபியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பெரிய மனசோடு, "இன்னைக்கு ராத்திரி என்கூட வந்து படுங்க மதினி. யானை வந்தா நான் எழுப்பி விடுறேன்" என்றார்.

"வேணாம் மதினி."

"அட வாங்க. என் பொண்ணு உங்க ரூம்ல படுத்துக்கட்டும்."

"வேணாம் மதினி."

"சும்மா சொல்லாதீங்க, நான் உண்மையாத்தான் கேக்குறேன்."

"நானும் உண்மையாத்தான் வேணாங்கிறேன் மதினி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சென்னையை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "அதுசரி. யானையே வந்து கதவைத் தட்டினாலும் திறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று இன்னொரு தடவை எச்சரித்தார்.

இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது, நாளைக்கும் யானை வந்தாலும் வரும், இன்னும் பலமாகத் தட்டி எப்படியாவது எழுப்பிவிடுகிறோம் என்றாள் மருமகள். எழுப்ப வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஒரே பயணத்தில் எத்தனைதான் சொல்வது? காபி டம்ளரை எடுத்துக்கொண்டு என் ரூமுக்குள் போனேன்.